சமையலறைச் சாவி ஆணியில் இருக்கிறது

அப்பா,

அம்மாவின் ஆபரேஷன் தையலை டாக்டரிடம் காட்ட, முத்தையாபுரத்து முதல் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போகிறோம். நீங்கள் அசந்து தூங்கினீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. எனக்கும் உடம்பு அலுத்துக் கிடக்கிறது. இட்லி மூடி வைத்திருக்கிறேன். ஒன்பது மணி மாத்திரை கடிகாரத்தடியில் இருக்கிறது, நேரம் தப்ப வேண்டாம்.

மந்திரமூர்த்தி அண்ணாச்சி உங்களைப் பார்க்க வருவார். மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகவே பேசுங்கள். நுங்கு கொண்டு வந்தால் வாங்கி வையுங்கள், வெளியில் சீவியது தின்ன வேண்டாம்.

கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் மூன்று பாட்டில் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் மூன்றும் தீர வேண்டும். நேற்றும் அரை டம்ளர் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். டயாலிசிஸுக்காகத் தண்ணீரை அளந்து கொடுத்த காலம் முடிந்துவிட்டது அப்பா. இனி குடிக்காமல் இருந்தால்தான் அம்மா கொடுத்த கிட்னி கெடும் என்கிறார் டாக்டர். "நான் அறுத்துக் குடுத்தத காயப்போட்டுராதீங்கன்னு உங்கப்பாட்ட எழுதி வையிளா" என்று அம்மா வாசலில் நின்று சத்தம் போடுகிறாள்.

போன சித்திரையில் உங்கள் கையிலிருந்து செம்பைப் பிடுங்கினேன். "ஏளா, உப்பளத்துலகூட கேட்டா தண்ணி தருவானுவ. நீ பிள்ளையா ஜெயிலரா?" என்றீர்கள். அன்று பொழுது சாயும்வரை நானும் குடிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டு வருஷமாக என் இடுப்பில் இருந்த சமையலறைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். கதவைப் பூட்டவில்லை.

முத்துச்செல்வி

மூன்று பாட்டிலும் தீர்ந்து, இன்னும் தாகம் எடுத்தால், அடுப்புக்குப் பக்கத்துப் பானையிலும் ஆற்றிய தண்ணீர்தான். என்னைக் கேட்க வேண்டாம்.