மூன்றாவது தொப்பி

என் செல்லக் கழுதைக்கு,

நான் குரோஷே பின்னுகிறேன், தெரியுமா! கொக்கி ஊசியும் கம்பளி நூலுமாக, என் பேரனுக்குத் தொப்பி! லாரியில் தார்ப்பாய் கட்டிப் பழகிய கை, முதல் தொப்பியில் நூலை இழுத்து இறுக்கிவிட்டது. “பேரனுக்கா பின்னுறீங்க, இல்ல எலுமிச்சம்பழத்துக்கா?” என்று உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாவதில் நூலைத் தாராளமாக விட்டேன். அது என் தலைக்குக் கச்சிதம்! அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த ஆள், சரி, மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் பிள்ளையின் தலை எவ்வளவு பெரிது என்றே தெரியவில்லை. மூன்றாவது தொப்பியில் உச்சி முடிந்துவிட்டது. அளவு தெரியாமல் இனி ஒரு சுற்றுகூடப் போட முடியாது.

போனில் அளவைச் சொல்லிவிடாதே. நாடாவோடு நானே வருகிறேன். நீ கதவை மட்டும் திற.

அப்பா