ஒரே ஒரு ‘ம்’

மார்ச் 3

கடையில் டைல்ஸ் லோடு இறங்கியது. இடுப்பு கழன்றுவிட்டது. வீடு திரும்பினால், ஒரு சினிமாவின் சிறப்புக் காட்சிக்கு அழைப்பு வந்திருந்தது. நம்ம பாடகன் ஒல்லியின் வாழ்க்கையைப் படமாக எடுத்துவிட்டார்கள். அவன் செத்து ஒன்பது வருஷம். அவனுடைய ராக் குழுவில் டிரம்ஸ் அடித்தவன் என்பதால் எனக்கு முன்வரிசை. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்தான். அவள் அவனைப் பார்த்ததில்லை.

மார்ச் 7

படம் பார்த்தோம். குடி, ரகளை, மேடையில் கிடாரை உடைத்தது, எல்லாம் அப்படியே. பிறகு ஆஸ்பத்திரி. பதினோரு நாள் நான் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் துடைத்துவிடுகிறேன். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “இதை ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?” என்றாள்.

எப்படிச் சொல்வேன்? நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. ஒருமுறை கூட.

மார்ச் 8

படத்தின் கதாசிரியர் என்னைப் பேட்டி எடுக்க வந்த அன்று நடந்தது இவ்வளவுதான். “கடைசி நாள்கள்ல நீங்க கூடவே இருந்தீங்கல்ல?” என்று கேட்டார். நான் ‘ம்’ என்றேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ‘ம்’தானே சொல்வோம்? — சே, யாரிடம் கதை விடுகிறேன். ஆமாம் என்றுதான் சொன்னேன், தெரிந்தேதான். அந்த ஒரு ‘ம்’ படத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது.

உண்மையில் கூடவே இருந்தது அவன் அக்கா. படத்தில் அக்காவே இல்லை.

மார்ச் 9

கடையில் கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

மார்ச் 10

கதாசிரியருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். “விடுங்க சார், உங்களை நல்லாத்தானே காட்டியிருக்கோம்” என்றார்.

மார்ச் 12

அக்கா வீட்டுக்குப் போனேன். யாருடைய பேன்ட்டையோ பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். படம் பார்த்துவிட்டாராம், டிக்கெட் வாங்கி, கடைசி வரிசையில்.

“நான் வரவே இல்லக்கா.”

“தெரியும்டா. நான்தானே அங்க இருந்தேன்.”

மேடையில் ஆயிரம் பேர் முன்னால் ஒல்லி மைக்கில் என்னைக் கேவலமாகத் திட்டினான், அந்தக் கோபம் என்றேன். அக்கா ஊசியில் நூல் கோத்தார்.

“நாலாம் நாள்லருந்து உன்னைத்தான் கேட்டான். கண்ணத் திறக்க முடியல அவனால. நீ வந்திருக்க, வெளிய படுத்திருக்கன்னு சொன்னேன். தினமும் சொன்னேன். நம்பிட்டுத்தான் போனான். அவனுக்காக நான் ஒரு பொய் சொன்னேன்டா. நீ யாருக்காக சொன்ன?”

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13

எழுத எதுவுமில்லை.

மார்ச் 15

மனைவியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரு வாரமாக என்னைப் பார்த்த பார்வை, கண்ணெதிரே வடிந்துபோனது.

“நாளைக்கு நான் படுத்துக் கிடந்தா?”

“கூடவே இருப்பேன்.”

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 17

காலையில் அக்காவின் விலாசம் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். நானும் வரட்டுமா என்றேன்.

“வேணாம். நான் மட்டும் பாத்துட்டு வரேன்.”

ராத்திரி மணி பத்து. இன்னும் வரவில்லை.