யாரும் கழற்றாத பதினெட்டு கிலோ

நேற்று குடோனுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. சுவரோரம் சாத்தி வைத்திருந்த உன் பானெட்டை நகர்த்தச் சொன்னேன். என் கடையில் பதினைந்து வருஷமாக மூட்டை தூக்கும் ஏழுமலை, கார் பானெட்தானே, இரும்பாக இருக்கும் என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினார். அது முறம்போல் மேலே வந்துவிட்டது. தூக்கிய வேகத்தில் அவர் பின்னால் சாய்ந்து சேலைப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க இது, உள்ள ஒண்ணுமே இல்ல!"

"அஞ்சு கிலோ" என்றேன். குனிந்து பார்த்தபோது உள்பக்கத்திலிருந்து ரெசின் பசையின் வாடை வந்தது. உன் ஷெட்டின் வாடை. நீ போய் மூன்று வருஷமாகிறது. அது இன்னும் போகவில்லை.

நான் கடிதம் எழுதுகிற ஆளில்லை. சரக்கு வந்ததா, எப்போது வரும் என்று எழுதியதோடு சரி. ஆனால் அந்தப் பதினெட்டு கிலோவைப் பற்றி உன்னிடம் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். நீ ரேஸ் காரின் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, உன் உடம்பிலிருந்து போன பதினெட்டு கிலோ. பட்டு நூலை எடைபோட்டே பிழைக்கிற எனக்கு அது தெரியாமல் போயிற்று.

எட்டாவது வரை நாம் ஒரே பெஞ்சு. அப்புறம் நான் சேலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன், நீ டிங்கர் சுத்தியலைப் பிடித்தாய். வந்தவாசி ரோட்டில் உன் ஷெட்டுக்கு வராத நசுங்கின கார் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த ஒரு சின்ன காரை இழுத்துவந்து நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு தபா ரேஸு ஓட்டணும்டா" என்றாய். சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"இன்ஜினுக்குத் தீனி போட என்னால ஆவாது. எடையக் கொறைக்கறதுக்குக் கைதான வேணும்? அது கீது."

எடை என்றதும் நான் உள்ளே வந்தேன். முள்ளிப்பட்டு நெசவாளர் வீடுகளுக்கு நூலை எடைபோட்டுக் கொடுத்து, சேலையை எடைபோட்டு வாங்குகிறவன். பத்து கிராம் குறைந்தால் தராசுக்கு முன்னால் என் கை சொல்லிவிடும் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிருக்கு நீ தீனி போட்டாய். எதைக் கழற்றினாலும் முதலில் என் கையில் வைப்பாய்.

"சொல்லு மொதலாளி."

"நானூத்தி இருவது."

தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "நானூத்தி பதினாறு! கையா இது, இன்னாடா எழவு!" என்பாய்.

பின்சீட்டு போயிற்று. தரைவிரிப்பு போயிற்று. தரையோடு ஒட்டியிருந்த தார் ஷீட்டைச் சூடுகாட்டி உளியால் சுரண்ட மூன்று வாரம் ஆயிற்று. பக்கவாட்டுக் கண்ணாடிகள் போய், அந்த இடத்தில் லேசான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வந்தது. கதவுக்குள் இருந்த இரும்புக் குழாயை நான் தட்டிக் காட்டியபோது மட்டும் நீ தலையசைத்தாய். "அது உசுரு. அதத் தொடாத." எதை விடலாம், எதை விடக்கூடாது என்று உனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. காரில் மட்டும்.

பானெட்டுக்காக நான் பெங்களூரிலிருந்து கார்பன் துணி வரவழைத்தேன். நீ கத்தரிக்கோலை எடுத்ததும் கத்தினேனே, நினைவிருக்கிறதா? கறுப்பாக இருந்தாலும் அதுவும் பாவும் ஊடும் போட்டு நெய்த துணிதான். ஓரத்தில் டேப் ஒட்டாமல் வெட்டினால் இழை இழையாகப் பிரிந்துவிடும். முதல் பானெட் நினைத்ததைவிடக் கனமாக வந்தது. ரெசினைத் தாராளமாக ஊற்றியிருந்தாய். "தாங்கறது துணிடா, பசை சும்மா எடை" என்றேன். கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் கனமான சேலை என்று விற்கிறவர்களை எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் விற்றிருக்கிறேன். இரண்டாவது முறை, ரப்பர் கட்டையால் மிச்ச ரெசினை வழித்து வழித்து எடுத்தோம். அந்த அஞ்சு கிலோ அப்படி வந்தது.

உன் தொந்தியைத் தட்டி, "மொதல்ல இதக் கழட்டு" என்பேன்.

"போல்ட்டு எங்க கீதுன்னு தேடிகினு இருக்கேன்."

கொஞ்ச நாளில் தொந்தி தானாகக் குறைய ஆரம்பித்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் மனைவிதான் ஒருநாள், "அண்ணனுக்கு இன்னா ஆச்சி? கன்னம் ஒட்டிகினு கீது" என்றாள். ரேஸுக்காக இளைக்கிறான், நீயும் கத்துக்கோ என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். அன்றைக்கு டீக்கடையில், உன் பக்கம் இருந்த வடைத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நீ டீயை மட்டும் குடித்தாய். அந்தத் தட்டு இன்றைக்கும் என் கண் முன்னால் நிற்கிறது.

அப்புறம் அரிசி மில் எடைமேடை. ஆரம்பத்தில் உன்னை வைத்தே காரை எடைபோட்டிருந்தோம். கழற்றியதையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தேன். அதன்படி வரவேண்டிய எடையைவிட மேடை பதினைந்து கிலோ குறைத்துக் காட்டியது. எனக்கு வந்த கோபத்தைப் பார்த்திருப்பாய்.

"மேடைய மொதல்ல சரி பண்ணி வெய்யிப்பா!"

"அண்ணே, காலைலேர்ந்து இதுல நெல்லு லாரி ஏத்திகினு இருக்கேன். ஒரு மூட்டை வித்தியாசம் வந்தா என் தோல உரிச்சிடுவாங்க" என்றான் எடைக்காரன்.

"அப்போ என் கை பொய் சொல்லுதா?"

நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தாய். "வுடுடா, எதுக்குப் பேஜாரு? ஜல்தி கெளம்பலாம்" என்றாய். உன்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். மேடையை, எடைக்காரனை, என் நோட்டை.

ரேஸ் நாளன்று, மெட்ராஸுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்த டிராக்குக்கு நான் சும்மா வரவில்லை. யார் தராசையும் நம்பாதவன், கடையிலிருந்து முத்திரை போட்ட அஞ்சு கிலோ எடைக்கல் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. என் நோட்டின்படி பத்து கிலோ கூடுதலாக இருந்தோம். அவர்களுடைய தராசில் எட்டு கிலோ கம்மி.

"சார், உங்க தராசு தப்பு" என்று சோதனை செய்கிறவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையான மனுஷர். காரை இறக்கச் சொல்லிவிட்டு, "நீங்களே வெச்சிப் பாருங்க" என்றார். முதல் கல்லை வைத்தேன். அஞ்சு. இரண்டாவதையும் வைத்தேன். பத்து. ஒரு கிராம் பிசகவில்லை.

தராசு சரி. நோட்டு சரி. மிச்சம் இருந்தது நீ ஒருவன்தான். திரும்பிப் பார்த்தேன். ரேஸ் உடுப்பு உன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு மாசமா சோறு எறங்கல. வேலூர்ல பாத்தேன். வயித்துல கட்டியாம். ஒடனே படுக்கச் சொன்னாங்க. ரேஸு முடிச்சிகினு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வண்டிய ஏத்து. நேரா வேலூர்."

"எட்டு ரவுண்டுடா. அப்பறம் நீ எங்க இட்டுகினு போனாலும் வாயத் தொறக்காம வரேன்."

கையைப் பிடித்து இழுத்தேன். உன் மணிக்கட்டு என் விரல்களுக்குள் சுற்றி வந்தது. பத்து கிராம் நூல் குறைந்தால் கண்டுபிடிக்கிற கை அது. எத்தனையோ பேரிடம் பேரம் பேசி ஜெயித்திருக்கிறேன். அன்றைக்கு உன்னிடம் தோற்றேன். குறைந்த எட்டு கிலோவை ஈடுகட்ட, எடைக்கற்கள் இரண்டையும் எடுத்து உன்னிடம் நீட்டினேன். நீ அவற்றை சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, இரும்புப் பட்டை போட்டு, போல்ட் முடுக்கினாய். ஆறு மாதம் கிராம் கிராமாக எடை குறைத்த காரில் இரும்புக் கல். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

பதினாறு கார்களில் நீ ஒன்பதாவது. பெரிய வண்டிகள் முன்னதாகவே பிரேக் போட்டுத் தவித்த வளைவில், நீ கடைசிவரை போய், லேசாக மடிந்து உள்ளே புகுந்தாய். மூன்று முறை. இறங்கி வந்து, "பாத்தியா வளைவுல? தும்பியாட்டம்!" என்றாய். உதடு வெளுத்திருந்தது. உடுப்பைக்கூட மாற்றவிடாமல் உன்னை என் காரில் ஏற்றினேன். வேலூர் வரை தூங்கிக்கொண்டே வந்தாய்.

ஏழு மாதம் இருந்தாய். முன்னாடியே வந்திருந்தால் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டு என்ன, வருத்தத்துக்கு ரசீதா வாங்கப்போகிறேன்? வடைத் தட்டைப் பற்றி மட்டும் ஒருநாள் உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ யோசித்துவிட்டுச் சொன்னாய்: "நீ இழுத்துகினதே நல்லதாப் போச்சிடா. எனக்கு அத்தப் பாத்தாலே கொமட்டும்." நிஜமா, எனக்காகச் சொன்னதா தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

நேற்றைக்கு வருகிறேன். பெட்டிகளின்மேல் விழுந்த ஏழுமலை சிரித்தபடி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். இடுப்பில் அரைச் சுற்று கூடுதலாகச் சுற்றினார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடவில்லை.

"எளச்சிட்டீங்களா?"

"ஆமாங்க. நல்லதுதானே, ஏணி ஏற லேசா கீது."

மூட்டைத் தராசில் ஏறி நிற்கச் சொன்னேன். போன தீபாவளிக்கு விளையாட்டாக ஏறியபோது அறுபத்தெட்டு. நேற்று அறுபது. என் மேஜையிலிருந்த, உன் காரில் ஓடிய இரண்டு கற்களையும் எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். பத்து. தராசு சரி.

"வண்டியில ஏறுங்க."

"வேலை பாதியில கீதுங்களே."

"வேலை எங்கயும் போவாது."

சர்க்கரையாம். ரொம்ப ஏறியிருக்கிறது, மாத்திரையில் அடக்கிவிடலாம், நல்லவேளை இப்போதே வந்தீர்கள் என்றார் டாக்டர். அவர் அதைச் சொன்னதும் நான் வெளியே வந்து, கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது குடோன் சுவர் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. ஏழுமலை பானெட்டைப் பார்த்தார். "இவ்ளோ லேசா கீறத வெச்சிகினு இன்னாங்க பண்ணப்போறீங்க? தூக்கிப் போட்டுடட்டுங்களா?"

அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நானே ஒரு கையால் எடுத்துப் பழைய இடத்தில் சாத்தினேன்.