அளவைக் குறைத்துச் சொல்லாதே

அன்புள்ள அணிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் சுகம்தானே என்று எப்போதும் எழுதும் வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். சுகமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நீயே ஃபோனில் சொல்லிவிட்டாய், அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் சீக்கிரம் சுகமாகப் போகிற மகளுக்கு என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். முப்பத்தொரு வயதுப் பெண்ணை இன்னும் அணில் என்று எழுதுவீர்களா என்று உன் அம்மா எட்டிப் பார்த்துக் கேட்கிறாள். முன்பல் இரண்டும் முகத்தைவிடப் பெரிதாக இருந்த வயதில் வைத்த பெயர், கடைசியில் பல் செட் செய்கிற லேபிலேயே போய் வேலைக்குச் சேர்ந்தாள், இனி எப்படி மாற்றுவது என்றேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால்தான் நிற்கிறது. போன வாரம் மூன்று பல் சேர்ந்த செட் ஒன்றைக் கீழே போட்டு உடைத்தாய், முதலாளியம்மா உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், அன்று சாயங்காலமே நீயாக ஒரு டாக்டரைத் தேடிப் போனாய். அவர் வருகிற திங்கட்கிழமை வந்து வார்டில் சேரச் சொல்லியிருக்கிறார், அதுவரை நீயாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். இதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய் பார், ஆஸ்பத்திரியெல்லாம் எதற்குப்பா, லீவு போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நானே நிறுத்திவிடுகிறேன், நாலு நாளில் முடிந்துவிடும் என்று, அங்கேதான் நான் குறுக்கே பேசினேன். என் கடிதம் வரும் வரை எதையும் செய்யாதே என்று உன்னிடம் வாக்கு வாங்கினேன். ஃபோனில் இவ்வளவும் பேசினால் சரிப்பா சரிப்பா என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜை மேலேயே கிடக்கும்.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. நீ பல் செட் படிப்பு முதல் வருஷம் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு முன்பல் ஒன்று உடைந்தது, லிஃப்ட் கதவு அடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பினாய், லீவுக்கு வந்தவள் அளவெடுத்துக்கொண்டு போய் எனக்கு ஒரு பல் செய்து கொண்டுவந்தாய், அதுதான் நீ செய்த முதல் பல். எந்த லிஃப்டும் என்னை அடிக்கவில்லை அம்மா. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் கதவில் அடிபடுவானா என்று நீ ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். நானும் உன்னைப் போலத்தான், இல்லை, உன்னைவிட அதிகமாகத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரோஷம் வந்து, நாளை முதல் ஒரு சொட்டு கிடையாது, என்னை அறையில் வைத்து வெளியே தாழ் போடு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவளும் இதைவிட நல்ல காரியம் உண்டா என்று நம்பித் தாழ் போட்டாள். முதல் நாள் நடுக்கம், வியர்வை, வாந்தி. இரண்டாம் நாள் மத்தியானம் வலிப்பு வந்து வாஷ்பேசின் விளிம்பில் போய் விழுந்தேன். சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தபோது என் வாயெல்லாம் ரத்தம். நல்லது என்று நினைத்துத் தாழ் போட்ட கையை அவள் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தாள். தப்பு அவளுடையது இல்லை, இரண்டு பேருக்குமே விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

ஓடுகிற லிஃப்டை மெயின் சுவிட்சை அணைத்து நிறுத்தினால் அது இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பும் அதே மாதிரிதான், ஆள் பக்கத்தில் இருந்து, மருந்து கொடுத்து, மெதுவாக ஒரு மாடியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு டாக்டர், லிஃப்ட் உதாரணம் மட்டும் என்னுடையது. அதனால் திங்கட்கிழமை வரை உன் டாக்டர் சொன்னபடி மட்டும் நட. அதற்குள் வலிப்பு மாதிரி வந்தாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ, இடம் நாள் குழம்பினாலோ, திங்கட்கிழமைக்குக் காத்திராமல் உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடு. உன்னோடு தங்கியிருக்கும் டீச்சரிடம் இந்தப் பக்கத்தை மட்டுமாவது காட்டு, அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் கொஞ்சம் தெரிந்துதான் இருக்கும்.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும். முதலில் எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை. பையைத் திறந்து பார்ப்பார்கள், சென்ட், வாய் கொப்பளிக்கிற மருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவார்கள், கோபப்படாதே, என்னைப் போன்றவர்கள் அதையும் குடிக்காமல் விட்டுவைக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியாக எப்போது குடித்தாய், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். கையை நீட்டச் சொல்வார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள், இது என்ன இடம், இன்று என்ன கிழமை என்று சில மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருப்பார்கள், சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி இருக்கும், பொறுமையாகப் பதில் சொல். நடுக்கத்துக்கும் வலிப்பு வராமல் இருக்கவும் மாத்திரை தருவார்கள், முதலில் அதிகமாக, பிறகு நாளுக்கு நாள் குறைத்து. சத்து ஊசி ஒன்று போடுவார்கள், ஏறும்போது எரியும். இரண்டாவது, மூன்றாவது நாள்தான் கஷ்டம். நெஞ்சு படபடக்கும், காரணமே இல்லாமல் அழுகை வரும், எல்லோர் மேலும் எரிச்சல் வரும், பக்கத்துக் கட்டில்காரி மூச்சு விடுவதுகூடப் பிடிக்காது. அது நீ இல்லை, உடம்பு கணக்குக் கேட்கிறது.

இந்த இடத்தில்தான் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு போனார்களே, அங்கே டாக்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். வாயில் ரத்தப் பஞ்சை வைத்துக்கொண்டு, பக்கத்தில் உன் அம்மா நிற்கிறாளே என்று வெட்கப்பட்டு, பாதிதான் சொன்னேன். உண்மையில் பாதிகூட இல்லை, அதிலும் பாதி. அவர் அதை நம்பி அதற்கு ஏற்ற மருந்தை எழுதினார். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் எனக்கு வார்டு முழுக்க ஒரு பெரிய லிஃப்டாகத் தெரிந்தது. ஆறு நோயாளிகளோடு நடுவில் நின்றுபோன லிஃப்ட். நான் சாப்பாட்டுக் கரண்டியை எடுத்துக் கட்டிலின் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தேன், யாரும் பயப்படாதீர்கள், நான் மெக்கானிக் என்று எல்லோருக்கும் தைரியம் வேறு சொன்னேனாம். இன்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று என்னைப் பிடிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது, உயிருக்கே ஆபத்தான கட்டம் என்று டாக்டர் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். "டாக்டர், அவர் சொன்னது அளவே இல்ல. நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்று சொல்லிச் சரியான அளவைச் சொன்னாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்குக் கைப்பையிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்துக் காட்டினாளாம். என் டூல் பைக்குள் நான் ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த பாட்டிலில், லேபிள் இல்லாத பக்கத்தில், தினமும் காலையிலும் ராத்திரியிலும் அவள் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு வந்திருக்கிறாள். ஊராருக்கெல்லாம் ரவிக்கை அளவெடுக்கிறவள் வீட்டுக்காரனின் அளவை எடுக்க மாட்டாளா? மருந்தைக் கூட்டினார்கள், இரண்டு நாளில் அடங்கினேன். தெளிந்த பிறகு டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நீங்க குடிச்ச அளவுக்குத்தாங்க நான் மருந்து தர முடியும். கௌரவத்துக்குச் சொன்ன அளவுக்குத் தந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். பதினொரு வருஷமாக இது என் காதிலேயே இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாய். நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனை வைத்ததும் அவளே வந்து எத்தனை வருஷமாக என்று கேட்டாள். வீடியோ காலில் முன்பெல்லாம் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் நடந்து பேசுவாயாம், ஒரு வருஷமாக எதன் மேலாவது சாய்த்து வைத்துவிட்டுக் கையைக் கண்ணில் காட்டாமல் பேசுகிறாயாம். நான் ஒன்றையும் கவனிக்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கு இரண்டு நைட்டி, முன்பக்கம் திறக்கிற மாதிரி, கை நன்றாக அகலமாக, ரத்த அழுத்தப் பட்டை கட்டவும் டிரிப் போடவும் வசதியாக இருக்குமாம். அந்த அவசரத்தில் யாரோ ஒருத்தருடைய ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள், இப்போது அதற்கு என்னைத் திட்டுகிறாள்.

மூன்றாம் நாள் உனக்கு எழுந்து போய்விடத் தோன்றும், நிச்சயமாகத் தோன்றும். நானும் தெளிந்ததும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன், பேப்பரைக் கொடுங்கள் என்று நர்ஸிடம் போய் நின்றேன். அந்த அம்மா பேப்பரைக் கொடுத்துவிட்டுப் பேனா தேடிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை, காத்திருந்து தூங்கிப்போனேன். அவர் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். உனக்கும் தோன்றும்போது உடனே யாரிடமாவது சொல், ஒரு தூக்கம் தள்ளிப் போடு. நாலாம் ஐந்தாம் நாள் பசி வரும். வெறும் ரொட்டியை மென்றுகொண்டு, ரொட்டிக்கு இவ்வளவு ருசியா என்று கண் கலங்கினேன். வெளியே வந்த பிறகும் தூக்கம் சரியாகச் சில வாரம் ஆகும், கனவில் குடிப்பாய், விழித்ததும் பதறுவாய், பிறகு கனவுதான் என்று தெரிந்ததும் நிம்மதி வரும். வார்டில் இருக்கிற நாட்கள் தொடக்கம்தான், உண்மையான வேலை அதற்குப் பிறகு, ஆலோசகரிடம் போவதும் ஆட்களோடு உட்கார்ந்து பேசுவதும்தான் வேலை. இன்னொரு பொய்யையும் இதோடு ஒப்புக்கொண்டுவிடுகிறேன், சனிக்கிழமைதோறும் நான் கேரம் ஆடப் போவதில்லை. எனக்குக் கேரம் ஆடவே தெரியாது. பன்னிரண்டு நாற்காலி போட்ட ஒரு அறைக்குப் போகிறேன், விட்டுவிட்டவர்களும் விடப்போகிறவர்களும் வருவார்கள். இரண்டாம் வருஷத்தில் ஒரு தடவை சறுக்கினேன், மறுநாளே அந்த அறைக்குப் போய்ச் சொன்னேன், யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

இதையெல்லாம் உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று உன் அம்மாவைச் சொல்ல வைத்தேன், மகள் முன்னால் மரியாதை போய்விடும் என்று. சொல்லியிருந்தால் நீ இத்தனை நாள் தனியாக மறைத்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டாய், முதல் நடுக்கத்திலேயே எனக்கு ஃபோன் செய்திருப்பாய். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ ஏன் ஆரம்பித்தாய் என்று நான் கேட்க மாட்டேன், பெண் பிள்ளை இப்படியா என்று கேட்கிறவர்கள் வந்தால் அவர்களை என்னிடம் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னால் முடியுமா என்ற சந்தேகம் எனக்கு ஒரு துளியும் இல்லை. செட் கைதவறி உடைந்த அன்றே டாக்டரிடம் நடந்து போனவள் நீ, எனக்கு அதற்கு ஒரு பல் போக வேண்டியிருந்தது.

உன் வார்டில் பார்வையாளர்களை நாலாம் நாளிலிருந்துதான் விடுவார்களாம், நாங்கள் இருவரும் அன்று காலை அங்கே இருப்போம், டிக்கெட் எடுத்தாயிற்று. திங்கட்கிழமை டீச்சரை அழைத்துக்கொண்டு போ, தனியாகப் போகாதே. செருப்பு மறக்காதே, தரை வழுக்கும். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னச் சீட்டு வைத்திருக்கிறேன், அதில் அம்மா தையல் நோட்டில் எழுதுகிற மாதிரி 'அளவு' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். உண்மையானதை அதில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடு. வாயால் சொன்னால் குறையும், எனக்குக் குறைந்தது. எங்களிடம் காட்ட வேண்டாம், நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

நூறு வயது நலமாக இரு. நீ செய்த பல் பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஆடவில்லை, நேற்றுக்கூட அதால்தான் ஆப்பிள் கடித்தேன். அதைச் செய்த கை எப்படிப்பட்டது என்று உலகத்தில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

உன் முதல் பல்லை வாயில் வைத்திருக்கும்,
அப்பா