நாற்பது நிமிடம் நீண்ட மீசை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

நான் வேலை செய்யும் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன வாரம் ஒரு கூத்து. பயப்படாதீர்கள், நல்ல கூத்துதான். ஆற்றின் இரு கரைக்கும் வண்டி போய்ச்சேரச் சராசரி பன்னிரண்டு நிமிடம் என்பதால், அக்கரைக்குத் தனி வண்டி வேண்டாம் என்றார் மேலாளர். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டி போய்ச்சேர்ந்த ஒரு வருட நேரங்களை எக்செல்லில் போட்டு, பெட்டி-மீசைப் படம் வரைந்தேன். நேர வரிசையில் நடுவிலுள்ள பாதி அழைப்புகள் பெட்டிக்குள் அடங்கும். மற்றவை மேலும் கீழும் மீசையாக நீளும். இக்கரைப் பெட்டி குட்டையாக இருந்தது. அக்கரை மீசையோ நாற்பது நிமிடத்தைத் தொட்டது! அலுவலகக் கூட்டத்தில் அதைக் காட்டினேன்.

"என்னம்மா இவ்வளவு நீளம்?" என்றார் மேலாளர்.

"பாலத்துல நெரிசல்னா வண்டி மாட்டிக்குது சார். மத்த நேரம் சீக்கிரம் போயிடுறதால சராசரியில அது தெரியல."

பின்வரிசையிலிருந்து ஓட்டுநர் அண்ணன் ஒருவர் எழுந்தார். "அந்த நாப்பது நிமிஷ வண்டிய ஓட்டினது நான்தான் சார்."

மேலாளர் அன்றே அக்கரைக்கு ஒரு வண்டி ஒதுக்கினார். நேற்று அங்கிருந்து பிரசவ அழைப்பு வந்தது. ஆறே நிமிடத்தில் வண்டி போய்ச்சேர்ந்தது! தாயும் பிள்ளையும் சுகம். எனக்குத் தலைகால் புரியவில்லை அப்பா.

ஒரு சின்ன உதவி. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது மாடிக்குப் போகாதீர்கள், சமையலறையிலேயே நில்லுங்கள். அம்மா பாத்திரம் உருட்டுவதும் உங்களைத் திட்டுவதும் எனக்கும் கேட்கட்டும்.

என்னை வேலைக்கு அழைத்துப் போகும் வேன் வாசலில் ஹாரன் அடிக்கிறது. ஓடுகிறேன்.

உங்கள் செல்ல மகள்