பன்னிரண்டு மூட்டைச் சீட்டுகள்

மே 9, வெள்ளி

நார்க்கஞ்சா விதை வந்து சேர்ந்தது. பன்னிரண்டு மூட்டை. நான் கேட்டது பின்லாந்துக் குட்டை ரகம், இடுப்பளவுக்கு மேல் வளராது, விதைக்கென்றே உள்ளது. வந்ததில் நாலு மூட்டை பிரான்சு நெட்டை ரகம். ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு வளரும், நார் எடுக்கிறவர்களுக்கு ஆகும். அறுவடை இயந்திரத்தில் அந்த நார் சுற்றிக்கொண்டால் கத்தியை வைத்து அரை நாள் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

விதைக்காரனிடம் ஓயார்ஸ் போனில் "சரி, பரவாயில்லை" என்கிறார். எதற்கெடுத்தாலும் பரவாயில்லை. இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒருத்தனிடமாவது குரலை உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. சண்டை போடுகிற வேலையெல்லாம் என் தலையில்.

மாடுகளை விற்றுவிட்டு நார்க்கஞ்சா போட்டு இது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் ஆலங்கட்டி மழை. போன வருஷம் புறா. இதற்காகத்தான் ஓயார்ஸ் நார்வே மீன் ஆலையை விட்டு வந்தார், ஏழு வருஷ வேலை. பனிக்காலத்தில் ஒருநாள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவையும் கைவிட்டுச்சுன்னா நான் திரும்பப் போயிடுவேன், டைகா. கோவத்துல சொல்லலை." கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குக் கவலையே இருந்திருக்காது.

மே 16, வெள்ளி

விதைப்பு முடிந்தது. மூன்று நாள். இடுப்பு எனக்குச் சொந்தமானது போலவே இல்லை.

ஒவ்வொரு மூட்டையிலும் அரசாங்கச் சீட்டு ஒன்று தைத்திருக்கிறது, ரகத்தின் பெயரும் எண்ணும் போட்டு. பன்னிரண்டையும் ஜூன் 15-க்குள் வேளாண் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சீட்டு இல்லையென்றால் அவர்கள் கணக்கில் அது என்ன கஞ்சாவோ யார் கண்டது, உழுது புதை என்பார்கள். ஓயார்ஸ் இதை எனக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்று வருஷமாகச் சீட்டு அனுப்புகிறவளே நான்தான், எனக்கே பாடம்.

மே 24, சனி

காலையில் வெல்தா வந்தாள், முட்டை வாங்குகிற சாக்கில். யாணி கோடை விழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான். ஊர்ப் பாட்டுக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. விழாவுக்கு முந்தின மாலை வீடு வீடாக வந்து யார் முற்றம் குப்பை, யார் வயலில் களை என்று பாட்டிலேயே மானத்தை வாங்குவார்கள். முட்டையை எண்ணும்போது அவள் கண் என் கொட்டகைப் பக்கம் போனது. சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

போன வருஷம் என் வாசலில் நின்று, இரண்டு அடிக்கு ஒரு தடவை எல்லோரும் 'லீகோ' என்று சேர்ந்துகொள்ள, பாடினது இன்னும் காதில் இருக்கிறது:

டைகா வீட்டு முற்றத்துல
தழைச்சு நிக்குது காஞ்சொறி — லீகோ
தபால்காரன் உள்ள போயி
தேடுறாங்க மூணு நாளா — லீகோ

ஊரே சிரித்தது. இந்த வருஷம் ஒரு துரும்புகூடக் கிடைக்கக் கூடாது. நாள் பூராவும் ஒற்றை ஆளாகச் சுத்தம் செய்தேன். உடைந்த நாற்காலி, மக்கிய பலகை, கந்தல், காலிச் சாக்கு, ஓயார்ஸ் "வெச்சிரு, உதவும்" என்று சேர்த்து வைத்திருக்கிற கண்ட கண்ட சாமான், எல்லாவற்றையும் கொட்டகைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். அவர் வயலிலிருந்து வந்து நெருப்புப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். உதவவும் இல்லை, திட்டவும் இல்லை. இந்த ஆளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறேனோ.

மே 31, சனி

முளைத்துவிட்டது. பன்னிரண்டு ஹெக்டேரும் பச்சை. கண் படக் கூடாது.

தலைநகர் ரீகாவிலிருந்து வந்த மூன்று பேர் காரை நிறுத்தி, "இதை எப்படிப் புகைக்கிறது?" என்று கேட்டார்கள். வயல் முழுக்கப் புகைத்தாலும் தலைவலிதான் மிஞ்சும் என்றேன். விதையை வறுத்து அரைத்து வெண்ணெய் ஆக்கலாம், எண்ணெய் எடுக்கலாம், தண்டை உடைத்துச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவர் எழுப்பலாம், குதிரைக்கு மெத்தை போடலாம் என்று நானும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தன் கொட்டாவி விட்டான்.

ஜூன் 6, வெள்ளி

சீட்டு எங்கே?

அனுப்பலாம் என்று எடுக்கப் போனால் மேசை இழுப்பறையில் போன வருஷத்துச் சீட்டின் நகல்தான் இருக்கிறது. ஓயார்ஸைக் கேட்டேன். "உங்கிட்ட இல்லையா?" என்கிறார். என்னிடம் இருந்தால் அவரை எதற்குக் கேட்கிறேன்?

ஜூன் 7, சனி

கொட்டகை, டிராக்டர், அவர் கோட்டுப் பைகள், பரண், நாய்க்கூடு. இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன். விதைப்பு இயந்திரத்தில் மூட்டையைப் பிரித்துக் கொட்டினது நீ, சீட்டை அறுத்து வைத்திருக்க வேண்டியது நீ, எனக்கு இரண்டு தடவை பாடம் நடத்தினவனும் நீ. எங்கேயோ போட்டுவிட்டுப் பரவாயில்லை என்று இருந்திருக்கிறாய். நார்வேயிலும் இப்படித்தான் வேலை பார்த்தாயா? — அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய்க்கு வந்தபடி வந்துவிட்டது.

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், என்னவோ சொல்ல வருவது போல. பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு குளத்தோர ஆவிக்குளியல் குடிலுக்குப் போய்விட்டார். போகட்டும். தப்புச் செய்தவனுக்கு ரோஷம் வேறு.

ஜூன் 10, செவ்வாய்

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பெண், குரல் தேன் மாதிரி. அசல் சீட்டுதான் வேண்டுமாம். விதைக்காரன் எழுதிக் கொடுக்கிற கடிதம்?

"கடிதம் கடிதம்தாங்க. சீட்டு சீட்டுதாங்க."

செடியை வந்து பாருங்களேன், கிள்ளிப் பரிசோதனை செய்யுங்களேன் என்றேன். சீட்டு கொடுத்த வயலுக்குத்தான் பரிசோதனை செய்வார்களாம். சுவரோடு பேசினால் சுவராவது கொஞ்சம் எதிரொலிக்கும்.

முட்டை வாங்க வந்த வெல்தாவிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். ஓயார்ஸ் சீட்டைத் தொலைத்தது இனி ஊர் முழுக்கத் தெரியும். தெரியட்டும்.

ஜூன் 12, வியாழன்

கிணற்றடியில் நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு, நாயிடம் சொல்வது போலச் சொன்னார்: நார்வேயிலிருந்து பழைய மேஸ்திரி கூப்பிட்டானாம். இருபத்தெட்டாம் தேதிக் கப்பலாம், காலை ஒன்பதுக்கு.

நான் வாளியைக் கழுவினேன். கழுவின வாளியையே திரும்பவும் கழுவினேன்.

ஜூன் 16, திங்கள்

கெடு நேற்றோடு முடிந்தது. விதைக்காரனின் கடிதத்தை வைத்து அனுப்பினதற்குக் கணினியில் உடனே பதில் வந்துவிட்டது. மற்ற எதற்கும் இவ்வளவு வேகம் கிடையாது. ரகம் உறுதி செய்யப்படாத பயிர், பூப்பதற்கு முன், ஜூன் முடிவதற்குள் உழுது புதைக்க வேண்டும்.

முழங்கால் உயரம் வந்துவிட்டது. நெட்டை ரகம் இடுப்புக்கே வந்துவிட்டது. எந்த வருஷமும் இப்படி வந்ததில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நார்வேயில் இருக்கிற அவர் தங்கைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணன் அங்கே வந்து நியாயம் பேசுவதற்கு முன் இங்கே நடந்தது இது, தேதி வாரியாகப் படி என்று. தேதிக்காக இந்த நோட்டைத் திருப்பினேன்.

மே 24.

"காலிச் சாக்கு."

என் கையெழுத்து. தெளிவாக இருக்கிறது. வேறு யாரும் எழுதவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சாம்பலைக் கிளறினேன். நாற்காலியின் ஆணிகள் கிடைத்தன. சீட்டு காகிதம்தானே, அதில் என்ன மிஞ்சும்.

ஜூன் 18, புதன்

சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

குடிலுக்குக் காபி எடுத்துப் போனேன். சொல்லத்தான் போனேன், சத்தியமாக. அவர் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். டிராக்டருக்கு டீசல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தவன் குற்றம் என்றால் பத்துத் தெருவுக்குக் கேட்கக் கத்துகிறேன். என் குற்றம் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. என்ன பிறவி நான்? அவருக்குப் பயந்து அல்ல. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதற்குப் பயந்து.

ஜூன் 22, ஞாயிறு

விழாவுக்கு வெண்ணெய் அரைத்தேன். போன வருஷம் புறா மிச்சம் வைத்த விதை. வாணலியில் வறுக்கும்போது வெடிக்கிற சத்தம் மட்டும்தான் வீட்டில். சீரகப் பாலாடைக்கட்டியும் போட்டாயிற்று. இரண்டு விதையை அதிகம் கருக்கிவிட்டேன் என்று உட்கார்ந்து அழுதேன், ஐம்பது வயதுப் பொம்பளை.

ஓயார்ஸ் பீர்ப் பீப்பாயை உருட்டி வந்தார். அரைத்ததைக் கத்தி முனையில் எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, "உப்பு" என்றார். இப்போது சொல்லிவிடு, டைகா. உப்பைத் தேடுகிற மாதிரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். வெளியே எடுத்தபோது ஆள் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

வெல்தாவின் கூட்டம் மாலை ஆறு மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டது, இருபது பேர், தலையில் ஓக் இலைக் கிரீடம். கோடையில் இங்கே ராத்திரி பத்து வரை வெளிச்சம், வெயில் சுள்ளென்று இருந்தது. என் முற்றத்தை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு துரும்பு கிடைக்கவில்லை. வெல்தா சட்டென்று ஓயார்ஸ் பக்கம் திரும்பினாள்:

மீனு வெட்டப் போனவனே
மூட்டைச் சீட்டை எங்க வெச்ச — லீகோ
மீனு வயித்துல தெச்சு வெச்சு
மறுபடியும் கடல்ல விட்டியா — லீகோ

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓயார்ஸும் சிரித்தார், பீப்பாய்க் குழாயைத் திறக்கிறவர் போலக் குனிந்துகொண்டு. கழுத்து சிவந்து போயிருந்தது. பாட்டுக்குப் பாட்டாலேயே வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அவர் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை பாடினார்கள். "என்ன ஓயார்ஸ், நாக்கையும் தொலைச்சிட்டியா?" என்றாள் வெல்தா.

எனக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்திலேயே பின் வரிசையில் நின்று வாயசைத்தவள். கையில் வெண்ணெய்த் தட்டு. தட்டை வைக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே பாடினேன்:

முற்றம் கூட்டின மகராசி
மூட்டையோட சீட்டும் எரிச்சா — லீகோ
எரிச்ச கை இது இங்க இருக்க
ஏச்சு மட்டும் புருஷனுக்கு — லீகோ

அடுத்த லீகோவை யாரும் சேர்ந்து பாடவில்லை. வெல்தா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் யாரோ ஒருவர் தயங்கித் தயங்கிச் சிரித்தார், அப்புறம் எல்லோரும். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது, நான் நின்றேன். பீர் ஊற்றினோம், ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தோம், அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டேன்: "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சாக்கு எரியறப்ப நின்னு பார்த்தேனே. நீ சீட்டை அறுத்துட்டுத்தான் போட்டிருப்பேன்னு நினைச்சேன்."

"அன்னைக்கு நான் அந்தக் கத்து கத்தினப்ப ஏன் சொல்லலை?"

அவர் யோசித்து முடிக்கும்வரை நான் குறுக்கே பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"சொன்னா நம்பியிருப்பியா?"

இல்லை. நம்பியிருக்க மாட்டேன். அதற்கும் சேர்த்துக் கத்தியிருப்பேன். "மாட்டேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குடிலுக்குப் போய்விட்டார்.

ஜூன் 26, வியாழன்

பெட்டி குடில் வாசலில் இருக்கிறது. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? உழுவதற்குப் பக்கத்துப் பண்ணை ஆளைக் கேட்டிருக்கிறேன். திங்கள்கிழமை வருகிறானாம்.

ஜூன் 28, சனி

ஐந்து மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கத்துப் பண்ணை ஆள் நாள் மாற்றி வந்துவிட்டானோ என்று ஜன்னலைத் திறந்தால், நெட்டை ரகம் நிற்கிற பக்கத்திலிருந்து ஓயார்ஸ் உழுதுகொண்டு வருகிறார்.

பார்க்க முடியவில்லை. செடி மடிந்து விழுந்து மண் மேலே புரள்கிற வாசனை சமையலறை வரை வந்தது. அடுப்பைத் துடைத்தேன். எட்டரை ஆயிற்று, கப்பல் கிளம்புகிற ஒன்பதும் ஆயிற்று. டிராக்டர் திரும்பிக் கடைசி வரப்புக்குப் போய், மறுபடி வந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க வெங்காயம் நறுக்கினேன்.

பத்து மணிக்கு ரொட்டியும் மிச்ச வெண்ணெயும் எடுத்துக்கொண்டு வயலோரம் போனேன். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வயல் பாதிக்கு மேல் கருப்பு மண்ணாகிவிட்டிருந்தது. "மன்னிச்சிரு" என்றேன். முதல் தடவை சரியாக வரவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். மென்றுகொண்டே கேட்டார். விழுங்கிவிட்டு, இன்று எட்டு ஹெக்டேர்தான் முடியும், இயந்திரம் சூடாகிறது என்றார்.

"மிச்சத்தை நாளைக்கு நான் ஓட்டிக்கறேன்."

அப்புறம் இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார். கொடுத்தேன்.