எத்தனை அடி தூக்கணும்?

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஷெட்டை மறுபடி அளந்தேன். நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினான்கு, கூரை ஒன்பதரை. நேற்று சாயங்காலமும் இதேதான். ஒரு ராத்திரியில் ஷெட் வளர்ந்துவிடும் என்று நினைத்தேனா?

எல்லாம் என் வாயால் வந்தது. பச்சியப்பன் நேற்று வந்திருந்தார். அவருடைய நாலு ஸ்கூல் வேனுக்கும் பத்து வருடமாக ரிப்பேர் என் கையில்தான். "மே மாசம் நாலுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எப்.சி. காட்டணும் கஸ்பாரு. உன்னால ஆவலைன்னா இப்பவே சொல்லிடு, தருமபுரில வுட்டுக்கறேன்" என்றார். "கால் சரியாப்போச்சுங்க. ஷெட்டுல வண்டி தூக்கற லிப்ட் போடப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். லிப்ட் என்ற நினைப்பே அந்த நிமிடத்தில்தான் வந்தது.

கால் சரியாகவில்லை. செப்டம்பரில் ஒகேனக்கல் ரோட்டில் பைக்கோடு விழுந்து வலது முட்டியில் பிளேட் வைத்தது. கால் மணி நேரம் நிற்கலாம், மண்டி போடவே கூடாது என்றார் டாக்டர். வண்டிக்கு அடியில் எப்படியோ படுத்துவிடுகிறேன். எழுந்திருக்கத்தான் வீட்டுக்காரி ஜோஸ்பின் தையலை விட்டுவிட்டு வந்து கை கொடுக்க வேண்டும். யாராவது வந்தால் கைத்தடியைப் பழைய டயருக்குப் பின்னால் போட்டுவிட்டு வண்டியில் சாய்ந்துகொள்வேன். நேற்றும் அப்படித்தான்.

மார்ச் 12

தருமபுரி மெக்கானிக் டூ போஸ்ட் போடு என்கிறான். ரெண்டு தூண், நடுவில் வண்டி தொங்கும், அடியில் முழுக்க வெட்டவெளி. கம்பைநல்லூரில் தெரிந்தவர், லிப்ட் எதற்கு, குழி வெட்டிப் படி வை என்கிறார். குழிக்குள் நான் எப்படி இறங்குவது? அவரிடம் அதைச் சொல்லவில்லை. "மழைத்தண்ணி நிக்குமுங்க" என்று சமாளித்தேன்.

வீடியோ பார்த்ததில் நாலு தூண் லிப்டும் இருக்கிறது. கத்தரி மாதிரி விரிந்து தூக்கும் சிசரும் இருக்கிறது. ஒருத்தன் சொல்வதை அடுத்தவன் மறுக்கிறான். ரெண்டு பேரும் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. அதுதான் என் வியாதி.

மார்ச் 15

கோயமுத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். பூவிழி என்று ஒரு பெண் எடுத்தாள். பொறுமையாகக் கேட்டாள். கூரை எவ்வளவு, தரை கான்கிரீட்டா, வீட்டு கரண்டா, த்ரீ பேஸா. கடைசியில் "வேலை பாக்கறவங்க உயரம் எவ்வளவுங்க சார்?" என்றாள்.

"அஞ்சடி ஏழு."

"அப்ப ஆறடி தூக்கறது எடுத்துக்கோங்க சார். குனியாம நின்னுட்டே வேலை பாக்கலாம். நின்னுதான பாப்பீங்க?"

"பின்ன?" என்றேன்.

ஆறடி தூக்க வேண்டுமானால் கூரை பன்னிரண்டரை அடி வேண்டுமாம். இருப்பதோ ஒன்பதரை. கூரையைத் தூக்கிவிட்டு அப்புறம் வண்டியைத் தூக்கணும். நல்ல கதை.

மார்ச் 21, வெள்ளி

சிலுவைப்பாதை. பதினான்கு தலத்துக்கும் எல்லாரும் மண்டியிட்டு எழுந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் மச்சான் பிரவீன் பிடித்துக்கொண்டான். தருமபுரியில் அவனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

"ஏன் மாமா இந்த பாடு? நம்ம கடையில வந்து கவுண்டர்ல உக்காருங்க. நெழல்ல உக்காந்தவாக்குல பில்லு போட்டா போதும்."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் உட்காருங்க உட்காருங்க என்று எல்லாரும் சொல்லும்போது எரிகிறது. நான் என்ன கிழவனா? நாற்பத்தாறு வயசு. இருபத்தஞ்சு வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கை இது, பில்லு போடவா?

மார்ச் 28

சிசர். முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 29

இல்லை. டூ போஸ்ட்தான். ஆறடி தூக்கினால்தான் அது லிப்ட், இல்லாவிட்டால் பெரிய ஜாக்கி என்று ஒருத்தன் வீடியோவில் சொல்கிறான்.

ஏப்ரல் 6

கூரை வேலைக்கு மாதேஸ்வரன் வந்து பார்த்தான். "கூரை சீட்டெல்லாம் கழட்டி, கம்பத்த வெட்டி மூணடி ஒட்டு போடணும்ணா. தூண் நிக்கற எடத்துல தரையையும் தோண்டணும். அண்ணி மிஷின் போட்டிருக்கற ரூமு சீட்டும் இதோட சேந்துதான் இருக்குது, அதுவும் வரும்" என்றான்.

ஜோஸ்பின் உள்ளே ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஈஸ்டர் முடிந்து 22-ம் தேதி வரச்சொல்லிவிட்டேன். தைரியமாகச் சொன்னேன், அவன் போனதும் கூரையை இன்னும் ரெண்டு தரம் அளந்தேன்.

ஏப்ரல் 13

குருத்து ஞாயிறு. ஓலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் நாலு தூணா, ரெண்டு தூணா என்றே மண்டைக்குள் ஓடுகிறது. சாமி மன்னிக்கட்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலில் இயேசுவின் பாடுகளின் வாசகம் முடியும்வரை எல்லாரும் நிற்பார்கள். பிரவீன் பக்கத்தில் இருந்தான், அவன் முன்னால் உட்காரக் கூடாது என்று நானும் நின்றேன். பாதியில் முட்டி பூட்டிக்கொண்டது. முன் பெஞ்சைப் பிடித்தேன், கை வழுக்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஜோஸ்பின் எழுந்து வந்து தோளை அழுத்தி உட்காரவைத்தாள். அத்தனை பேர் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டாள்.

"ஏங்க, கோயில்லயே உங்களால நிக்க முடியல. வண்டிய ஆறடி மேல தூக்கி வெச்சுட்டு, அதுங்கீழ யாரு நிப்பாங்க?"

"வாய மூடு" என்றேன். பெரிய வெள்ளியில் வாயில் வந்தது அதுதான். ராத்திரி சாப்பிடவில்லை. இன்று ஒருசந்தி நோன்பு, எப்படியும் ஒருவேளைதான் சாப்பாடு, அதனால் அந்தக் கோபமும் எடுபடவில்லை.

ஆறு வாரம்! எத்தனை பேரிடம் கேட்டேன்! ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. எப்படித் தோன்றும், நான் ஒருத்தரிடமும் சொன்னால்தானே? யாரு நிப்பாங்கன்னு கேட்டா நான் என்னத்த சொல்லுவேன்.

ஏப்ரல் 19

காலையில் பேச்சுவார்த்தை இல்லை. பத்து மணிக்குத் தையல் டேப்போடு ஷெட்டுக்கு வந்தாள். என்னுடைய சக்கர முக்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்க" என்றாள். இவளுமா என்று பார்த்தேன்.

"ஸ்பேனர் புடிக்கற மாதிரி கைய வெய்ங்க. நிமுந்து உக்காருங்க, கூனாதீங்க."

பிளவுஸுக்கு அளவு எடுக்கிற அதே முகம். தரையிலிருந்து முழங்கை இருபத்தைந்து இன்ச். நெஞ்சு முப்பத்து மூன்று. உச்சந்தலை நாற்பத்தொன்பது. காதில் செருகியிருந்த பென்சிலால் தன் அளவு நோட்டில் எழுதினாள். மேலே சின்னம்மாள் பிளவுஸ், கீழே சசிகலா சுடிதார். நடுவில் "இவர், உக்காந்து".

"சக்கரம் நெஞ்சுக்கு வந்தா பத்தாதுங்களா?" என்றாள்.

முப்பத்து மூன்று இன்ச். கூரை எதற்கு? தூண் எதற்கு? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நேத்து சொன்னதுக்கு மன்னிச்சுக்க" என்றேன். "நாளைக்கு ஈஸ்டர், கறி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 21

பூவிழிக்குப் போன் போட்டேன். மூன்று தரம் நம்பரை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். நாலாம் தரம் எடுத்ததும், "எனக்கு கால் முடியாதுங்க. உக்காந்துதான் வேலை செய்வேன்" என்று சொல்லிவிட்டேன். வேற்று மனுஷியிடம் முதலில் சொன்னது நல்லதாயிற்று.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். மூன்றேகால் அடி மட்டும் தூக்குகிற சின்ன சிசர் இருக்கிறதாம். கூரையைத் தொட வேண்டாம், வீட்டு கரண்ட் போதும், இப்போதுள்ள தரையே தாங்கும். ஒரு குறை உண்டு. நடுவில் கத்தரிக் கால் அடைத்துக்கொள்ளும், கியர்பாக்ஸ் இறக்க முடியாது.

கியர்பாக்ஸ் எனக்குப் பிடித்த வேலை. விட முடியுமா? விட்டுத்தான் ஆகணுமா? பச்சியப்பனிடம் அதைச் சொன்னால் நாலு வேனையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?

மாதேஸ்வரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது மட்டும் நிச்சயம்.

மே 8

அந்தச் சின்ன சிசர் லிப்ட்தான் வந்து இறங்கியது. ஜோஸ்பினின் ஸ்கூட்டியை நிறுத்தி ஏற்றி இறக்கிப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

மே 13

முதல் வேன். டிரைவர் கொண்டுவந்து விட்டபோது கைத்தடியை வழக்கம்போல டயருக்குப் பின்னால் போட்டுவிட்டேன். நாலு சக்கரமும் கழற்றி பிரேக் முழுக்க முடித்துவிட்டேன். ஒரு தரம்கூட ஜோஸ்பினைக் கூப்பிடவில்லை.

நாலரை மணிக்கு பச்சியப்பன் சொல்லாமல் வந்து நின்றார். எழுந்து வண்டியில் சாயத்தான் நினைத்தேன். மடியில் பிரேக் டிரம் இருந்தது. அப்படியே இருந்துவிட்டேன்.

"நிக்க முடியறதில்லைங்க. இனிமே இப்படித்தான். கியர்பாக்ஸ் வேலை மட்டும் என்னால ஆவாது, அதுக்கு தருமபுரி போய்க்கோங்க" என்றேன். மொத்தத்தையும் ஒரே மூச்சில்.

ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். கழற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பழைய டயருக்குப் பின்னால் கையை விட்டுக் கைத்தடியை எடுத்து வந்து என் முக்காலி பக்கத்தில் சாத்தினார். தேடக்கூட இல்லை, நேராக அங்கேதான் போனார்.

"அடுத்த வண்டிய நாளைக்கு எத்தன மணிக்கு வுட?" என்றார்.

"எட்டரைக்கு வுடுங்க" என்றேன், உட்கார்ந்தபடியே.